வளையலுக்குள் ஐந்து துளை

அக்கா சுட்ட தாள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு ஜன்னல் வெயில்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. அக்கா கல்லூரியில் என்.சி.சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் அவர்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி நடந்தது. டெல்லி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் போகலாம். அவ்வளவு தூரம் அனுப்ப அவருக்கு மனமில்லை, முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. நன்றாகச் சுடுகிறாள் என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்டார். ஐந்து குண்டும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று அளப்பார்கள், நடுவில் படவில்லை என்றால் துப்பாக்கியின் குறியைத் திருத்திக்கொள்ளலாம் என்றாள் அக்கா. வீட்டிலேயே சின்ன வளையல் என்னுடையது. அப்பா அதைக் கழற்றி வாங்கினார்.

"ஏட்டி, அஞ்சும் இதுக்குள்ள அடங்கட்டும். பொறவு கையெழுத்துப் போடுதேன்."

எனக்கு ஆறு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கொண்டுவந்த தாளில் குண்டுகள் எல்லாம் ஓரமாக நெருங்கி விழுந்திருந்தன. நடுவில் அழகாக ஒரு கறுப்பு வட்டம் இருக்க, ஓரத்தில் சுடுவது என்ன கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு அக்கா முகம் கழுவப் போனாள். நான் அதை வெயிலுக்கு நேரே பிடித்தேன். துளைகள் வழியாக என் கவுனில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தது. தாளை அசைத்தால் அவையும் என்மேல் ஊர்ந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. எண்ணிப் பார்த்தால் நான்குதான். அதில் ஒன்று கொஞ்சம் அகலம்; இரண்டு குண்டு ஒரே வழியாகப் போயிருந்தன. அது எனக்கு எங்கே தெரியும்? அக்கா ஒன்றைத் தவறவிட்டுவிட்டாள் என்று அழுகை வந்தது. பென்சிலை எடுத்துக் கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் உருண்டையாக ஒரு துளை போட்டேன். அதன் வழியாகவும் வெயில் வந்தது.

அப்பா வளையலை வைத்துப் பார்த்தார். நான்கு அடங்கின. ஐந்தாவது அரைச் சாண் தள்ளி நின்றது.

"ஒண்ணு கரெக்டா நடுவுல பட்டிருக்குப்பா!" என்று குதித்தேன்.

அக்கா குனிந்து அந்தத் துளையைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். கோபம் வந்தால் அப்பாவுக்குக் கை முந்திவிடும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"கடைசிக் குண்டு சுடும்போது கை ஆடிட்டுப்பா," என்றாள்.

"அதுக்கென்ன, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்," என்றார் அப்பா.

அடுத்த வருடம் இன்னும் நன்றாகச் சுடுவாள் என்று நானும் சந்தோஷமாக நம்பினேன். கல்லூரியில் அதுதான் அவளுக்குக் கடைசி வருடம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.