கயிற்றுக் காய்ப்பும் பூப்போட்ட கோப்பையும்

அம்மாவின் நெற்றியோரத்தில் அந்தக் கட்டி முளைத்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தலையில் மாட்டிய கொழுந்துக் கூடையின் கயிறு முப்பத்தைந்து வருடம் உராய்ந்த இடம் அது. "கயித்துக் காய்ப்புதான்" என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அம்மா கூடையை இறக்கி வைத்து எட்டு வருடமாகிறது, கயிறே இல்லாமல் காய்ப்பு எப்படி வளரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் நானும் கேட்கவில்லை.

கட்டியில் வலியில்லை. சிவப்பும் ஊதாவுமாக மினுமினுவென்று இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். களிம்பைக் கொஞ்சமும் மதிக்காமல் அது இரண்டே மாதத்தில் நெல்லிக்காய் அளவாகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஹட்டனில் ஒரு டாக்டரிடம் காட்டி, அவர் எழுதித் தந்த துண்டுக் கடிதத்தோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே வெட்டியெடுத்துச் சோதித்தார்கள்.

தோலில் வரும் அபூர்வமான புற்றுநோய் என்றார் பெரிய டாக்டர், சிங்களத்தில், மெதுவாக. நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இதற்கு ஒரு வைரஸும் காரணமாம். அது பெரும்பாலானவர்களின் தோலில் சும்மா குடியிருப்பதுதான்; யாரையும் ஒன்றும் செய்யாது. எப்போதாவது, யாரோ ஒருவரின் செல்லுக்குள் அதன் மரபணு போய் ஒட்டிக்கொண்டால், அந்தச் செல் அடங்காமல் பெருகத் தொடங்கும். வயதும், காலமெல்லாம் பட்ட வெயிலும் அதற்கு ஒத்தாசை. இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். கதிர்வீச்சு சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் திரும்ப வரலாம், வந்தால் வேகமாகப் பரவும் என்பதையும் சொன்னார்.

லயத்துக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினேன். சனத்தின் காதில் விழுந்தது "வைரஸ்" என்ற ஒரே சொல். கொரோனா காலத்தில் எங்கள் லயத்தையே கயிறு கட்டி மூடியிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். தினமும் வந்து அம்மாவோடு தேத்தண்ணி குடிக்கும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு, "மாஸ்க்கு போட்டுக்கிட்டு உள்ள வரலாமா தம்பி?" என்றார். விவரம் தெரியாத சனம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிரித்த அதே வாரம் ஹட்டன் கடையொன்றில் நீலப் பூப்போட்ட கோப்பை ஒன்று வாங்கி வந்தேன். அம்மாவுக்கென்று, தனியாக. "ஒனக்குத்தாம்மா, அழகா இருக்குல்ல?" என்றேன். சும்மா ஒரு முன்ஜாக்கிரதைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தவனும் நான்தான்.

சிகிச்சைக்குப் புறப்பட வேண்டிய காலையில் அம்மா சேலை மாற்றாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் வரல. பஸ்சுல புள்ளகுட்டிங்க இருக்கும். ஒட்டி ஒட்டி உக்காரணும். நம்மளால அதுகளுக்கு எதுக்குக் கெடுதி?"

"இது தொத்தாதும்மா. டாக்டரு சொன்னாருல்ல?"

"அவரு சொன்னாரு. நீ கோப்ப வாங்கியாந்தியே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் இன்று வராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அடுப்போரத்தில் அந்தப் பூப்போட்ட கோப்பை இருந்தது. அதில் அம்மா குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன்.

"அந்த வைரசு அநேகமா எல்லாரு தோல்லயும் இருக்கும்மா. பக்கத்து அக்காகிட்டயும் இருக்கும், என்கிட்டயும் இருக்கும்."

அம்மா எழுந்து கொடியில் கிடந்த சேலையை எடுத்தார்.

"அப்ப ஒனக்கும் ஒன்னு வாங்கியிருக்கலாமே தம்பி, பூப்போட்டதா."