கூட்டாளியின் சளி

யுத்த காலம். குண்டசாலையில் நானும் என் கூட்டாளியும் ஒரே ஈயத்தாளில் ஹெரோயின் புகை இழுத்தோம். குடு என்போம். அவனுக்கு இருமலில் இரத்தம் வந்தது. கண்டிக் காசநோய் கிளினிக்கில் சளி கொடுத்துப் பார்த்தால்தான் மருந்து. வழியில் சோதனைச் சாவடி ஆமிக்காரர் குடுக்காரனென்று பிடிப்பார்கள் என்று அவன் வரமாட்டான். என்னைப் பார்த்தால் அவ்வளவு தெரியாது. அவன் சளி துப்பிய போத்தலை நான்தான் கொண்டுபோனேன்.

இரண்டு தடவை கிளினிக் தாதி திருப்பி அனுப்பினார். மிஸ்ஸி என்போம்.

"இது எச்சில். நெஞ்சுக்குள்ளேருந்து இருமி எடுக்கச் சொல்லுங்க."

மூன்றாம் தடவை பஸ்ஸை மறித்த ஆமிக்காரன், கடதாசியில் சுற்றிய போத்தலை என் பையிலிருந்து எடுத்தான். அந்த நாட்களில் போத்தல் கொண்டுபோகிறவர், உள்ளே இருப்பது வெடிமருந்து இல்லையென்று ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும்.

"குடி" என்றான் சிங்களத்தில்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "குடிக்கிறேன் சார். ஆனா இது என்னோடது இல்ல. கூட்டாளியோட சளி. காசநோய்."

அவன் போத்தலை ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். கண்டி வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மிஸ்ஸியிடம் புதுப் போத்தல் வாங்கித் திரும்பினேன். நடந்ததைக் கூட்டாளியிடம் சொன்னேன்.

"குடிச்சிருக்கலாமேடா. காலையில நீ ஒண்ணும் திங்கலயே" என்று சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. போத்தலை அவன் வாயருகே பிடித்தேன்.

மறுநாள் அதே ஆமிக்காரன் தூரத்திலிருந்தே என்னைப் போகச் சொல்லிக் கைகாட்டினான். மிஸ்ஸி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான் சளி" என்றார்.

அடுத்த கிழமை அவனுக்கு மருந்து தொடங்கினார்கள்.