தெரியாத பாட்டுக்கு டிரம்ஸ்

சேலையூரில் ஒரு பேக்கரியின் மாடியில் காபிக் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை அங்கே யார் வேண்டுமானாலும் பாடலாம், வாசிக்கலாம். வாசலில் வைத்திருந்த நோட்டில் பெயரை எழுதினால் போதும். மூலையில் ஒரு டிரம்ஸ் செட் சும்மா கிடந்தது. கடையை நடத்திய அக்காவின் தம்பி ஆசையாக வாங்கிப் போட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டாராம்.

நானும் என் கணவரும் முதன்முதலில் அங்கே போனது முட்டை பஃப்ஸ் சாப்பிடத்தான். அன்றைக்குப் பாட வந்திருந்த மூன்று கல்லூரி மாணவர்களின் டிரம்மர் வரவில்லை. "யாராச்சும் டிரம்ஸ் வாசிப்பீங்களா?" என்று அக்கா மைக்கில் கேட்டார். என் கணவர் கையைத் தூக்கினார். தன் கையை அல்ல, என் கையை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி பேண்டில் வாசித்தது மட்டுமே. தாம்பரத்தில் படித்தபோது, விளையாட்டு விழா அணிவகுப்பில் பிள்ளைகள் கால் மாற்றிப் போடாமல் நடக்க, இடுப்பில் டிரம்மைக் கட்டிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி அடித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு சமையலறை மேடையில் தாளம் போடுவதோடு சரி.

"என்ன பாட்டு?" என்று கிட்டார் வைத்திருந்தவனிடம் கேட்டேன்.

"எங்க சொந்தப் பாட்டுக்கா. ஈஸிதான். நாலு நாலா எண்ணிக்கோங்க."

நாலு நாலாக எண்ணினேன். நன்றாகத்தான் போனது. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் மூவரும் சட்டென்று நிறுத்தி, கூட்டத்தை ஒரு நிமிடம் அசத்தப்போகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் நின்றார்கள். நான் தனியாக அணிவகுத்துப் போய்க்கொண்டே இருந்தேன். புரிந்துகொண்டு பதறி நிறுத்தியபோது ஒரு குச்சி கையிலிருந்து நழுவிப் பறந்து, எதிர் மேசையிலிருந்த குடும்பத்தின் சாஸ் கிண்ணத்தில் போய் விழுந்தது. அந்த வீட்டுக்காரர் அதை டிஷ்யூவால் துடைத்து எடுத்து வந்து கொடுத்தார். "நல்லா வாசிக்கறீங்கம்மா. ஆனா எங்களுக்குக் காதும் வேணும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருவரும் சிரித்தோம். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் அங்கே இருந்தேன். அதற்கு அடுத்த வாரமும். யார் வருவார்கள், என்ன பாடுவார்கள் என்று கடைசி நிமிடம்வரை தெரியாது. அந்தப் பயம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

குரோம்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் மவுத் ஆர்கன் வாசிக்க வருவார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். முதல் தடவை அவரோடு வாசித்தபோது, பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இது என் மூச்சுல ஓடுற வாத்தியம். உங்க டிரம்ஸ் முன்னால கொசு மாதிரி கேக்குது. குச்சியை வெச்சுட்டு வெறும் கையால தட்டிப் பாக்கறீங்களா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் தட்டினேன். எனக்கே கேட்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் பாய் எனக்கு ஒரு லெமன் டீ வாங்கிக் கொடுத்தார். "கோச்சுக்காதீங்க" என்றார். அதற்குள் எனக்குக் கோபம் போய்விட்டிருந்தது.

அப்போது எனக்கு நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி சனிக்கிழமைகள் அலுவலகத்திலேயே போய்விடும். அப்படி ஒரு சனிக்கிழமை, கம்பெனி வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மேடவாக்கத்திலும் வழியிலும் இறங்கிவிட்டார்கள். "அண்ணா, இன்னைக்கு என்னைக் கேம்ப் ரோடு தாண்டி சேலையூர்ல எறக்கி விட்டுடுங்க" என்று டிரைவரிடம் சொன்னேன்.

"அங்க இன்னா மேடம் வேலை?"

சொன்னேன். கண்ணாடி வழியாக என்னை ஒரு தரம் பார்த்தார். "டிரம்ஸா? நீங்களா?" என்றவர், "எனக்கு அடுத்த டிரிப் ஏழரைக்குத்தான். நானும் வந்து ஒரு டீ குடிச்சிக்கினு போறேன்" என்று வண்டியை ஓரம் கட்டினார்.

இரண்டு வருடமாக அவர் ஓட்டிய வேனில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மாடியில் டீயோடு உட்கார்ந்து இரண்டு பாட்டுகளைக் கேட்டார். பிறகு என்னிடம் குனிந்து, "இங்க மைக் புடிக்கணும்னா யாரைக் கேக்கணும்?" என்றார்.

"நீங்க பாடுவீங்களாண்ணா?"

"எங்கப்பா, அண்ணன்லாம் வலை இழுக்கசொல்ல பாடுவாங்க. நானும் கரையில நின்னு பாடிக்கினு இருந்தவன்தான். எனக்குக் கடல்ல போனா வாந்தி வரும் மேடம். அதான் வண்டி ஓட்ட வந்துட்டேன்."

அக்கா நோட்டை நீட்டினார். நான் டிரம்ஸில் உட்கார்ந்தேன். பாயும் மவுத் ஆர்கனைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். டிரைவர் மைக்கை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு, வெறும் தொண்டையில் ஆரம்பித்தார்.

கனமான குரல். நான் வழக்கம்போல நாலு நாலாக எண்ணினேன். இரண்டாவது வரியிலேயே எண்ணிக்கை உதைத்தது. ஒரு வரி ஐந்தில் முடிந்தது, அடுத்தது ஏழில். கடைசியில் "ஏய்" என்று ஓர் இழுப்பு வரும். அது எப்போது வரும் என்று பிடிபடவே இல்லை. நான் அடித்த இடமெல்லாம் தப்பு. அவர் பாட்டை நிறுத்தவில்லை. அதே மெட்டில், "மேடம், கொஞ்சம் நில்லுங்க, வலை இன்னும் வரல பாருங்க" என்று ஒரு வரியைச் சேர்த்துப் பாடினார். கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடிப்பதை நிறுத்திக் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

எண்ணுவதை விட்டுவிட்டு அவர் முதுகைப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் அவருடைய இடது தோள் லேசாக இறங்கியது. அந்தத் தோளை எனக்குத் தெரியும். கியர் மாற்றுவதற்கு முன் அது அப்படித்தான் இறங்கும். பின் சீட்டிலிருந்து தினமும் இரண்டு வேளை பார்க்கிறேனே.

அடுத்த முறை தோள் இறங்கியதும் கால் டிரம்மை ஒரு மிதி மிதித்தேன். "ஏய்" என்ற இழுப்பும் என் அடியும் ஒன்றாக விழுந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் ஒன்றுகூடத் தப்பவில்லை. பாய் ஒரே ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு, மூச்சு தீரும்போது மட்டும் விட்டு விட்டு வாசித்தார். டிரைவர் தோன்றியதையெல்லாம் பாட்டில் போட்டார்.

"முன்னால நிக்கிறவன் இழுக்கிறான்,
பின்னால நிக்கிறவன் நடிக்கிறான்,
மேடவாக்கம் ஜாம்ல மாட்டிக்கினு
மீனும் கரைக்கு வர மறுக்கிறான்."

ஒவ்வொரு இழுப்புக்கும் நாற்காலிகளில் இருந்தவர்கள் கயிறு பிடித்தவர்கள்போலப் பின்னால் சாய ஆரம்பித்தார்கள். பேக்கரியிலிருந்து ஒருவர் படியேறி வந்து, மேலே என்ன சண்டையா என்று எட்டிப் பார்த்தார். பாட்டு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. தோள் இறங்காமல் அப்படியே நின்றது. நானும் அடிக்கவில்லை. முடிந்துவிட்டது. கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. என் கணவர் ஸ்டேஷனிலிருந்து வந்துசேர்ந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து, "இவர் யாரு?" என்று கேட்டார். "எங்க வேன் டிரைவர்" என்றேன். நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை வேனில் ஏறியதும் டிரைவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "மேடம், கடைசியில ரெண்டு எடத்துல கொஞ்சம் முந்திக்கினீங்க. ஆனா பரவால்ல, எங்க அண்ணனே அங்க முந்துவான்."

"எங்க முந்தினாங்க? என்ன நடந்துச்சு?" என்று வேன் முழுக்கக் கேள்வி. சோழிங்கநல்லூர் சிக்னல் வருவதற்குள் கதை முழுவதையும் அவர் சொல்லி முடித்திருந்தார். சாஸ் கிண்ணத்தில் விழுந்த குச்சியைப் பற்றி யார் அவரிடம் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. என் கணவர்மேல் சந்தேகம் உண்டு.

அந்த வாரச் சனிக்கிழமை வேனில் மேடவாக்கத்தில் யாரும் இறங்கவில்லை. டிரைவரோடு சேர்த்துப் பதினொரு பேரும் சேலையூரில் இறங்கி வரிசையாகப் படியேறினோம். அக்கா எங்களைப் பார்த்துவிட்டுக் கீழே பேக்கரிக்குப் போய், இரண்டு பெஞ்சுகளைத் தூக்கி வரச் சொன்னார்.