தூதர் சொல்லிக்கொள்ளாமல் போன ஒரே வீடு

காலை ஏழரை மணிக்குச் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். அங்கே எங்கள் வீட்டு மாடியை ஏற்காடு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறேன். முந்தின நாள் வந்து தங்கியவர் திரு. லின், ஓய்வுபெற்ற சீனத் தூதர். இளமையில் பெய்ஜிங்கில் தமிழ் படித்தவர். "திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நண்பரைப் பார்க்க வேண்டும். துணைக்கு வர இயலுமா?" என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டார். மறுக்க மனம் வரவில்லை.

சங்ககிரியில் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். அங்கேதான் விஷயத்தைச் சொன்னார். மூன்று நாடுகளில் தூதராக இருந்தும், வேலை அவரை ஒருமுறைகூடத் தமிழ் பேசும் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. கடைசியாக இருந்த ஆப்பிரிக்க நாட்டில், அவருடைய குடியிருப்பில் தண்ணீருக்குப் போர் போட ஒரு ரிக் வண்டி வந்தது. மேலே நின்ற ஆள் தமிழில் யாரையோ திட்டினார். இவர் ஓடிப்போய்த் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தாராம். அவர்தான் பழனிச்சாமி. அதன்பின் இரண்டு வருடம் ஞாயிறுதோறும் வந்து பேசிக்கொண்டிருந்தார்.

"என் தாயார் இறந்தபோது ஊர் திரும்ப முடியவில்லை. எங்கள் நாட்டு அமைச்சர் அரசுமுறைப் பயணமாக அங்கே வந்திருந்தார். அன்று மாலை முழுதும் பழனிச்சாமி என் அருகில் அமர்ந்திருந்தார், எதுவும் பேசாமல்" என்றார் லின். "பிறகு பெய்ஜிங்குக்கே மாற்றல் வந்தது. அதிபரிடம் விடைபெற்றேன், அமைச்சர்களிடம் விடைபெற்றேன். பழனிச்சாமி எங்கோ தொலைவில் போர் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமலே விமானம் ஏறிவிட்டேன்."

திருச்செங்கோடு தாண்டிப் பள்ளிபாளையம் சாலையில் விசாரித்து, ஒன்பதரைக்கு வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் நின்ற பெரியவர் இவரைப் பார்த்ததும் அசையாமல் நின்றார். லின் கைகூப்பி, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததுபோல மூச்சுவிடாமல் பேசினார். பழனிச்சாமி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் காது கேக்காதுங்க. ரிக்கு சத்தத்துல நின்னு நின்னு போயிருச்சுங்க" என்றார் அவர் மனைவி.

லின் அப்படியே திண்டாடிப் போனார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, குண்டு குண்டான தமிழ் எழுத்தில் எழுதி நீட்டினார். பழனிச்சாமி உரக்கப் படித்தார்: "சொல்லாமல் போய்விட்டேன். மன்னியுங்கள்."

"அட, இதுக்கா சாமி இத்தன தூரம் வந்தீங்க?" என்று சிரித்தவரின் குரல் சட்டென்று தணிந்தது. "வேல முடிஞ்சு உங்களப் பாக்க வந்தனுங்க. கேட்டுல நின்னவங்க, வேற தூதரு வந்துட்டாருன்னாங்க. ஞாயித்துக்கெழமையானா இன்னமும் உங்க நெனப்புத்தானுங்க."

லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மூன்று மணி வரை ஒருவர் எழுத ஒருவர் பேச, நோட்டில் பாதி தீர்ந்தது. கிளம்பும்போது பழனிச்சாமி பிடித்த கையை விடவில்லை. லின் குனிந்து, அவர் காதில் வாய் வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "போய்விட்டு வருகிறேன்!"

"சரிங்க" என்றார் பழனிச்சாமி.

லினுக்கு ஈரோட்டில் ரயில். பள்ளிபாளையம் பாலத்தில் காவிரியைப் பார்த்துக்கொண்டே லின் கேட்டார்: "அவருக்குக் கேட்டிருக்குமா?"

டிரைவர்தான் திரும்பாமலே சொன்னார்: "ரோட்டுல நின்ன எனக்கே கேட்டுச்சுங்களே, சார்."

லின் தலையாட்டினார். பாலம் முடிந்ததும், மெதுவாக, "இன்று என்ன கிழமை?" என்றார்.

ஞாயிறு என்றேன்.