நிஷாந்தனுக்கு விட்ட இடம்

ஜேர்மனியின் ஹம் நகரத் தமிழ்ச் சனத்துக்குச் சாரங்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அமைதியான பிள்ளை. புதன் பின்னேரங்களில் தொடக்கப் பள்ளியொன்றில் குழந்தைகளுக்குக் குங்ஃபூ பழக்குகிறாள் என்றதும் பலருக்குச் சிரிப்பு வந்தது. "பரதம் எண்டாலாவது அரங்கேற்றத்துக்கு வந்து சாப்பிட்டிருப்பம்" என்றாள் பெரியம்மா. சாரங்காவும் சிரித்துவைத்தாள்.

வகுப்புக்கு ஒரு முறை உண்டு. பிள்ளைகள் வரிசையில் நின்று, வலது முட்டியை இடது உள்ளங்கையால் மூடி வணங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் அப்படியே வணங்குவாள். அதன்பிறகு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகலாம். முன்வரிசையின் கோடியில் மட்டும் ஓரிடத்தை எப்போதும் வெறுமையாக விடுவாள். ஏனென்று கேட்டால் தனக்கே தெரியாது என்பாள். அது பொய்.

இந்த வருடம் கோடை விழாவில் கம்பாட்டம் வேண்டும் என்றார் தலைமையாசிரியை. பெற்றோருக்குப் பிடித்தால் வகுப்பு தொடரும், இல்லாவிட்டால் அந்த நேரம் கால்பந்துக்குப் போய்விடும். வகுப்புத்தான் சாரங்காவுக்கு உயிர். தலையாட்டினாள்.

கம்புகள் வந்த அன்று, வகுப்பின் ஒரே தமிழ்ப் பிள்ளையான ஆதிரை விளையாட்டாகக் கம்பைத் தோளில் சாய்த்தாள். வரிசை முழுவதும் அப்படியே செய்தது. போர்க்காலத்தில், வன்னியில், சாரங்காவின் பள்ளிக்கூட மைதானத்தில், மரக்கட்டையில் செய்த பயிற்சித் துவக்கைத் தோளில் சாய்த்தபடி முன்வரிசையின் கோடியில் அண்ணன் நிஷாந்தன் இப்படித்தான் நின்றான். வயது பதினாறு. தங்கையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பிறகு லொறி வந்து போர்முனைக்கு ஏற்றிக்கொண்டு போனது. அவன் திரும்பவேயில்லை.

இப்போது அந்த வெற்றிடத்தில் அதே பதினாறு வயதோடு நின்று கண்ணைச் சிமிட்டினான்.

"கம்பைக் கீழ வையுங்கோ." தமிழில் வந்துவிட்டது. ஆதிரை வைத்தாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

விழாவில் வெறுங்கையோடுதான் ஆடினார்கள். பெற்றோர் மரியாதைக்குக் கை தட்டினார்கள். தலைமையாசிரியை வருத்தம் தெரிவித்துவிட்டுக் கால்பந்தைப் பற்றிப் பேசினார்.

கடைசி வகுப்பில் எல்லோரும் வணங்கிப் போன பிறகும் ஆதிரை நின்றாள். "ரீச்சர், அந்த இடம் ஆருக்கு?"

"என்ர அண்ணாவுக்கு."

"அவருக்கு நீங்கள் ஒருநாளும் வணக்கம் சொல்லேல்லையே. அப்ப அவர் எப்பிடி வீட்டை போறது?"

சாரங்கா ஆதிரையை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு முன்னால் போய் நின்று, முட்டியை மூடி வணங்கினாள்.

"வீட்டை போ அண்ணா."

விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முதல்முறையாக அங்கே ஒருவருமில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.