புஷ்பராணியின் படகுக்குள் தண்ணீர் வந்த வழி

1. முற்றத்தில் ஒரு படகு

நான் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவன். ரோலர், டிரையர் எதுவானாலும் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டு முற்றத்தில் வெல்டிங், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று ஏதாவது செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் அந்த முற்றத்துக்கு ஒரு லொறி வந்து, அலுமினியப் படகு ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. பன்னிரண்டு அடி நீளம். வாசலிலிருந்து லீக்ஸ் பாத்தி வரைக்கும் அடைத்துக்கொண்டது. என் மனைவி பின்பக்கமாகச் சுற்றித்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டியிருந்தது.

படகோடு வந்தவர் புஷ்பராணி. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மழை நாளில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அந்தக் காலோடு மலை ஏற முடியாது. தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்.

“அண்ணே, இத ஓட்டுற மாதிரி ஆக்கித் தரணுங்க.”

“எங்கம்மா கெடச்சுச்சு?”

“டேம் ஓரத்துல பழைய பங்களா இருக்குல்ல, அங்க சைப்ரஸ் மரத்துக்கு அடியில கவுந்து கெடந்துச்சு. கேட்டேன். எடுத்துட்டுப் போன்னுட்டாங்க.”

காசல்ரி டேம் நீர்த்தேக்கத்தில் வலை போட்டு மீன் பிடிப்பதுதான் அவருடைய எண்ணம். துடுப்புப் போடச் சின்ன வயதிலேயே அப்பாவிடம் கற்றவர். அங்கே மீன் பிடிக்கிற சுனில் தன்னுடைய ஃபைபர் வள்ளத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அது ஒடுங்கலானது, காலை மடக்கினால்தான் உட்காரலாம்.

“இதுல நடுவுல இருக்குற பெஞ்ச எடுத்துருங்க. நான் பின்னால உக்காந்து கால நீட்டணும். அம்புட்டுத்தான்” என்றார்.

“அதுக்கென்ன, வெட்டிருவோம்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

படகு வேலை எனக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. தகரமும் ரிவிட்டும்தானே என்று நினைத்தேன்.

2. பத்திரிகைத் தாள் நனையவில்லை

முதலில் நடு பெஞ்சை வெட்டி எடுத்தேன். அது பெட்டி மாதிரி மூடியிருந்தது. உள்ளே மிதப்புக்காக வைத்த ரெஜிஃபோம் நுரைக்கட்டி பல வருட மழையைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. மற்ற இரண்டு பெஞ்சுக்குள்ளும் அதே கதை. எல்லாவற்றையும் தோண்டி எறிந்த பிறகு படகை இரண்டு பேர் தூக்க முடிந்தது.

பிறகு படகை மூன்று பழைய லொறி டயர்களின் மேல் வைத்து, ஹோஸைப் போட்டு உள்ளே தண்ணீர் நிரப்பினேன். வெளியே எங்கெல்லாம் சொட்டுகிறதோ அங்கெல்லாம் சோக்கட்டியால் வட்டம் போட்டேன். பத்தொன்பது இடம். ஆட்டம் கண்ட ரிவிட்டுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தோம். ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மறுபக்கத்தில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் சுத்தியலால் அடிக்க வேண்டும். இரும்பைப் பிடித்தவர் புஷ்பராணிதான். அடி ஒவ்வொன்றும் கைமூட்டு வரைக்கும் அதிரும். ஒரு நாளும் கையை எடுக்கவில்லை.

கடைசியாக ஒரு முறை தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய பத்திரிகைகளை விரித்து ஒரு முழுப் பகல் விட்டேன். தாள் நனையவில்லை.

“இனிமே ஒரு சொட்டு வராது” என்று அவரிடம் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், அதே வார்த்தையில்.

3. இரண்டு தடவை

முதல் தடவை கரையோரத்தில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார். நான் கரையில் நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது. படகு திரும்பி வந்தபோது உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படகை வீட்டுக்கு ஏற்றி, டயர் மேல் வைத்து, மறுபடியும் தண்ணீர் நிரப்பினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போகாத தகரத்தில், வெளியே இருக்கிற தண்ணீர் மட்டும் எப்படி உள்ளே வரும்? துடுப்பிலிருந்து தெறித்திருக்கும் என்று நினைத்தேன். கணுக்கால் அளவுக்கா? பின்பலகையில் தண்ணீர் வடிக்கிற துவாரத்தின் அடைப்பாக இருக்கும் என்று புது அடைப்பு செய்து போட்டேன். போதாததற்கு ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய், ஹார்ட்வெயார் கடையில் கூரைத் தகரத்துக்குப் பூசுகிற சீலன்ட் வாங்கி வந்து தகரங்கள் சேருகிற எல்லாத் தையலிலும் பூசினேன். எது காரணம் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் செய்வது ஃபிட்டர்களுடைய பழக்கம். அது வேலை செய்வது போலத் தெரியும். உண்மையில் அது குழம்பிப் போய் நிற்பதுதான்.

இரண்டாம் தடவை புறப்படும்போது புஷ்பராணி படகில் உட்கார்ந்தபடியே ஒன்று சொன்னார்.

“அண்ணே, காலுக்குக் கீழ தகரம் மூச்சு விடுற மாதிரி இருக்குங்க.”

“புது எடம்ல, பயத்துல அப்பிடித்தான் தோணும். போயிட்டு வாம்மா” என்றேன்.

அன்றைக்கு அவர் கரையோரத்தில் நிற்கவில்லை. வலை போட வேண்டிய இடம் வரைக்கும் போய்விட்டார். காற்று எழும்பியது. சற்று நேரத்தில் அவர் துடுப்பை வைத்துவிட்டு, ஒரு தகரப் பேணியால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுவது தெரிந்தது. பிறகு துடுப்புப் போட்டார். பிறகு மறுபடியும் அள்ளினார். படகின் விளிம்பு தண்ணீரோடு சமமாகிக்கொண்டே வந்தது. மிதப்புக்கு இருந்த ரெஜிஃபோமையும் நான் எடுத்து எறிந்திருந்தேன், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அது அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது. கரையில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

சுனில் தன் வள்ளத்தை விரட்டிக்கொண்டு போய், அவரைத் தன்னோடு ஏற்றி, படகைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். புஷ்பராணி நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தார். கரையில் இறங்கினதும் மடங்காத காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சுனில்தான் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் என் முகத்துக்கு நேரே சொன்னார்: “பாஸ், வேல சரி இல்ல. அக்கா இன்னைக்கு செத்துப் போகும் இருந்தது.”

நான் தலையை ஆட்டினேன். எங்கே பிழை என்று அப்போதும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் என்று ஊரெல்லாம் சொன்ன ஆள், கையால் தொட்டுப் பார்த்த பிறகும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். படகை உடைத்துப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று புஷ்பராணியிடம் சொல்லப் போனேன்.

அவர் சொன்னார்: “நீங்க ஒரு தடவயாச்சும் அதுல உக்காந்து பாத்தீங்களா அண்ணே?”

4. நான் ஏறி உட்கார்ந்தது

இல்லை. உட்காரவில்லை. தண்ணீருக்குப் பயம் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சுனிலிடம் மிதவைச் சட்டை ஒன்று இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். இடுப்பளவு தண்ணீரில் சுனில் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டார். புஷ்பராணி பின்னால் உட்கார்ந்தார். நான் நடுவில், பெஞ்ச் இருந்த இடத்தில், அடித் தகரத்தின் மேலேயே உட்கார்ந்தேன். உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தேன்.

சிற்றலை ஒன்று வந்தது. தகரம் கையைத் தூக்கியது. அலை போனதும் இறங்கியது. அவர் சொன்ன அதே மூச்சு.

குனிந்து பார்த்தேன். படகின் அடியில் நீளமாக ஓடுகிற கீல் பட்டையை ஒட்டிய ரிவிட் வரிசையில், தகரம் ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் நீர் வளையம் ஒன்று துளிர்த்தது. தகரம் இறங்கியதும் மறைந்தது. முற்றத்தில் டயர்கள் அடித் தகரத்தை அசையவிடாமல் தாங்கின, படகின் கனமே அந்த வரிசையை இறுக்கி மூடிவிட்டது. தண்ணீரில் அதை மூடுவதற்கு ஒன்றும் இல்லை. முன்பு ஒன்று இருந்தது. அந்த நடு பெஞ்ச். அது உட்காருவதற்கு மட்டும் வைத்ததல்ல. இரண்டு பக்கத் தகரத்தையும் அடித் தகரத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த சட்டம் அதுதான். அதை வெட்டி எறிந்தவன் நான்.

தேயிலை மெஷின் எல்லாம் கொங்கிரீட்டில் போல்ட் போட்டு நிற்கும். அதனால் அதன் உடம்பு வளையுமா என்று நான் யோசித்ததே கிடையாது. படகுக்கு அடியில் அஸ்திவாரம் இல்லை என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும்.

“தப்பு என்னுதும்மா” என்றேன்.

“மொதல்ல எறங்குங்க அண்ணே, நீங்க நடுங்குறதுலயே படகு ஆடுது” என்றார் புஷ்பராணி. சுனில் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

5. பிறகு

பெஞ்சைத் திரும்ப வைக்க முடியாது. வைத்தால் அவருடைய காலுக்கு இடமில்லை. அடித் தகரத்தின் குறுக்கே நான்கு அலுமினிய ஆங்கிள் சட்டங்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் மேலே விளிம்பு வரைக்கும் வளைத்து ஏற்றி ரிவிட் அடித்தோம். இடது பக்கம் மட்டும் பாதி பெஞ்ச் வைத்தேன். வலது பக்கம் அவர் கால் நீட்டுவதற்குத் திறந்தே இருந்தது. கீல் வரிசை முழுவதையும் புதிதாக அடித்தோம். முன், பின் பெஞ்சுகளுக்கு அடியில் மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டினேன். சாய்ந்துகொள்ள முதுகுப் பலகையும் வைத்தேன். மூன்றாம் தடவை நான் முதலில் ஏறி உட்கார்ந்து, புஷ்பராணி துடுப்புப் போட, கரையோரத்தில் ஒரு சுற்று போய் வந்த பிறகுதான் அவரைத் தனியாக விட்டேன். என் நாக்கு வறண்டு போயிருந்தது. படகுக்குள் தரை காய்ந்தே இருந்தது.

இப்போது புஷ்பராணி விடியலில் வலை எடுத்து, பத்து மணிக்குள் திலாப்பியா மீனை நோர்வூட் பஜாருக்குக் கொண்டுபோய்விடுகிறார். சுனிலும் தன் வள்ளத்துக்கு முதுகுப் பலகை கேட்டார், செய்து கொடுத்தேன்.

இளம் ஃபிட்டர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். ஒரு பாகத்தை வெட்டுவதற்கு முன்னால் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். அந்தப் பொருளில் உட்காரப் போகிறவர் ஏதாவது சொன்னால், அவருக்குப் பயம் என்று முடிவு கட்டாதீர்கள். பயம் உங்களுக்கு இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

போன மாதம் புஷ்பராணி மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, படகுல மூக்குப் பக்கம் ஒரு கோப்பத் தண்ணி தெனமும் சேருது. ஏன்னு தெரியுமா?”

அவரோடு டேமுக்குப் போய்ப் படகில் உட்கார்ந்து பார்த்தேன். தடவிப் பார்த்தேன். காலையில் இருக்கிறது, மத்தியானம் இல்லை.

“எனக்குத் தெரியலம்மா” என்றேன்.

“சரி, அப்ப ரெண்டு பேருமா பாப்போம்” என்று சொல்லி, படகில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.