வாத்து வீடியோவின் மூலையில் இருந்த எண்கள்

ட்ரோன் ஓட்டப் பழகும் தம்பி, தங்கைகளே, முதல் வாரமே நான் அடித்த கூத்தைக் கேளுங்கள்.

கொல்கத்தா துறைமுகத்தில் சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், அறுபத்திரண்டு வயதில் ட்ரோன் பைலட் சான்றிதழ் வாங்கினேன். "ரிட்டயர் ஆன மனுஷன் பட்டம் விடப் போறார்" என்று என் மனைவி நாங்கள் குடியிருக்கும் கார்டன் ரீச் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

முதல் வேலை நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அலிப்பூர் அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதிக் கடிதம் வாங்கி, நகரத்துக்குத் தெற்கே ஒரு பேரிக்குப் போனோம். மீன் வளர்க்கும் ஏரியை இங்கே பேரி என்பார்கள். ஆராய்ச்சியாளர் மாலினி கொல்கத்தாவில் பிறந்த தமிழ்ப் பெண். பேச்சு பாதித் தமிழ், பாதி வங்காளம்; 'ஷோனோ' என்றால் கேளுங்க, 'காக்கு' என்றால் சித்தப்பா.

"ஷோனோ காக்கு, கீழ இறக்காதீங்க. ஒரு வாத்து தலையத் தூக்கிப் பாத்தாலும் திரும்பிடணும்."

அப்படியே ஓட்டினேன். நானூறு ஊசிவால் வாத்துகளில் ஒன்றுகூட அசையவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட் திரையில் பதிவான வீடியோவை அன்று மாலையே தமிழர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மறுநாள் காலை தெரியாத நம்பர். ஆள் இந்தியில் பேசினார்; வீடியோ கைமாறி அவருக்கும் வந்ததாம், என் நம்பரும் கூடவே. தான் புகைப்படக்காரர், வீடியோ பிரமாதம் என்றார். பறவைகள் எந்தப் பக்கமாக இறங்கும், கரையில் காவல் உண்டா, பைக் போகுமா என்று கேட்டார். புகைப்படக்காரர் வெளிச்சத்தைப் பற்றியல்லவா கேட்பார்? "இடம் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அதான் வீடியோ மூலையில நம்பர் ஓடுதே அங்கிள்" என்றார். அட்சரேகை, தீர்க்கரேகை. முப்பது வருஷம் சர்வேயில் இருந்தவன் கண்ணுக்கு அது படவில்லை.

"வீடியோ எடுத்தீங்களா, வேட்டைக்காரனுக்கு வழி சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

வீடியோவை அழித்தேன். அது அதற்குள் பத்துக் குழு தாண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு மாலினியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. வனத்துறைக்கும் பேரிக் காவலர் நிமாய்தாவுக்கும் போன் போட்டாள்.

அடுத்த நாள் விடியலில் பேரியில் நின்றோம். வாத்துகள் இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டுத் திரும்பும் நேரம். அவை வந்து இறங்குமுன், யாராவது ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்து முடிக்க வேண்டும். தூரத்துக் கரையிலிருந்து ட்ரோனை ஏற்றி, திரையைப் பழைய படத்தோடு ஒப்பிட்டேன். கோரைக்கு நடுவே புதிதாக நாலு மூங்கில். பெரிதாக்கிப் பார்த்தால் இடையில் நூல் போல மெல்லிய வலை.

மாலினி போனில் வழி சொல்ல, நிமாய்தா படகில் போய் வலையை அறுத்தார். கடைசி மூங்கில் சாய்ந்தபோது கிழக்கே வாத்துக் கூட்டம் தெரிந்தது.

"இறக்குங்க காக்கு."

ட்ரோன் தரையைத் தொட்டது. ஐந்து நிமிடத்தில் நானூறும் தண்ணீரில் இறங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வனத்துறை ஆட்கள் வந்து வலையையும் அந்தப் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள்.

எவ்வளவு உயரத்தில் ஓட்டுவது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். இறக்கியபின் எதைக் காட்டக்கூடாது என்பதை வாத்துகளிடம் கற்றேன்.

வாட்ஸ்அப் குழுச் செயலாளர் இப்போதும் கேட்கிறார்: "சார், அந்த வாத்து எங்க இருக்கு?"

"தண்ணியில சார்" என்று பதில் போடுகிறேன்.